சூடானதும் நிற்கும் கார்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்ற ஊர் உள்ளது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. பலர் வேறு தொழில் தேடிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு குடும்பம் ராபர்ட்சன்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தது. கணவர், மனைவி, கணவரின் தாய் ஆகிய மூவரும் அந்த வீட்டில் இருந்தார்கள். அவர்களிடம் பழைய அம்பாசடர் கார் ஒன்று இருந்தது. அது 1986-இல் செய்த பெட்ரோல் கார்.

2008-ஆம் ஆண்டு தாய்க்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் இரண்டு நாள் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதற்குக் கோலாருக்குப் போக வேண்டும். பங்காருப்பேட்டை வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் தூரம். பஸ்ஸில் ஏறி இறங்கத் தாயிடம் தெம்பு இல்லை. காரைத்தான் நம்பியிருந்தார்கள்.

அந்தக் கார் பாதி வழியில் நின்றது.

பங்காருப்பேட்டையைத் தாண்டியதும் என்ஜின் நின்றுவிட்டது. கணவர் சாவியைத் திருப்பினார். செல்ஃப் நன்றாகச் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை. வெயில் கொளுத்தியது. முக்கால் மணி நேரம் போனது. மறுபடியும் சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடக்காதது போல் கார் கிளம்பியது.

மருத்துவமனையில் அவர்களுடைய நேரம் தவறிப்போனது. அன்று சிகிச்சை நேரம் குறைந்தது. இரவு தாயின் கால் வீங்கியது. மூச்சு வாங்கியது.

"என்னால உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று தாய் கண் கலங்கினார்.

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை. காரைச் சரி செஞ்சிடலாம்" என்றார் மருமகள்.

பட்டறையில் நடந்தது

மறுநாள் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கார் நன்றாக ஓடியது. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பணம் வாங்கினார். அடுத்த வாரம் அதே சாலையில் கார் நின்றது.

இன்னொரு பட்டறைக்குப் போனார்கள். அங்கே பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். மறுபடியும் பணம் போனது. மறுபடியும் கார் நின்றது.

ஏன் இப்படி? இரண்டு பட்டறையிலும் காரைக் குளிர்ந்த நிலையில்தான் பார்த்தார்கள். அப்போது காரில் கோளாறு தெரியாது. சூடானால்தான் தெரியும். கோளாறு கண்ணில் படாதபோது செய்யும் வேலை வெறும் ஊகம். ஊகத்துக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

மருமகளின் நோட்டு

மருமகள் சிறு வயதில் பள்ளிக்குப் போகவில்லை. திருமணத்துக்குப் பிறகு இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றார். கடைக் கணக்கை அவர்தான் எழுதுவார். அவர் ஒரு பழைய நோட்டை எடுத்தார். கார் நிற்கும்போதெல்லாம் அதில் எழுதினார்.

திங்கள்: 28 நிமிடம் ஓடியது. வெயில். டேங்கில் முக்கால் பெட்ரோல். 45 நிமிடம் கழித்துக் கிளம்பியது.

வியாழன்: 26 நிமிடம் ஓடியது. வெயில். டேங்கில் அரை. டேங்க் மூடியைத் திறந்தோம். காற்றுச் சத்தம் இல்லை. அப்போதும் கிளம்பவில்லை. 40 நிமிடம் கழித்துக் கிளம்பியது.

திங்கள்: மழை. 41 நிமிடம் ஓடியது. மருத்துவமனை வாசலில் நின்றது. டேங்கில் கால்.

வியாழன்: 25 நிமிடம் ஓடியது. கடும் வெயில். டேங்க் நிறைய பெட்ரோல். 50 நிமிடம் கழித்துக் கிளம்பியது.

ஊரில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் 'பாய்' என்றே அழைப்பார்கள். கணவர் அவரிடம் போனார். மனைவியும் நோட்டுடன் போனார்.

பாய் நோட்டை வாங்கி மெதுவாகப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"யார் எழுதினது?"

"நான்தான் பாய்."

"தங்கச்சி, பாதி வேலையை நீயே முடிச்சிட்ட. வெயில் நாளில் 25 நிமிஷம். மழை நாளில் 41 நிமிஷம். அப்போ சூடுதான் காரணம். டேங்க் நிறைய இருந்தாலும் நிக்குது, கால் டேங்க் இருந்தாலும் நிக்குது. பெட்ரோல் அளவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. இன்னும் ஒண்ணு சொல்லு. நிக்கும்போது இருமி இருமி நின்னுச்சா? இல்லை, சட்டுன்னு நின்னுச்சா?"

மருமகள் யோசித்தார். "சட்டுன்னு நின்னுச்சு பாய். விளக்கை அணைச்ச மாதிரி."

பாய் தலையை ஆட்டினார். "அப்போ பெட்ரோலைவிடக் கரண்ட் மேலதான் எனக்குச் சந்தேகம். ஆனா சந்தேகத்தை வச்சு எதையும் மாத்தக்கூடாது. வியாழக்கிழமை நானும் உங்களோட வர்றேன்."

என்ஜினுக்கு என்ன வேண்டும்?

பெட்ரோல் என்ஜின் ஓட மூன்று வேண்டும்.

ஒன்று, பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து வர வேண்டும். கார்புரேட்டர் இந்த வேலையைச் செய்கிறது.

இரண்டு, அந்தக் கலவையை என்ஜின் நன்றாக அழுத்த வேண்டும். இதற்கு வால்வுகள் இறுக்கமாக மூட வேண்டும்.

மூன்று, சரியான நேரத்தில் தீப்பொறி விழ வேண்டும். பிளக்கில் இந்தப் பொறி விழுகிறது.

மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் என்ஜின் நிற்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் கார் கிளம்பவில்லையா? இந்த மூன்றில் எது இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பொருளை மாற்ற வேண்டும்.

பழைய காரில் தீப்பொறி எப்படி உண்டாகிறது? பேட்டரியில் 12 வோல்ட் கரண்ட் இருக்கிறது. அது பொறி உண்டாக்கப் போதாது. இக்னிஷன் காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட் ஆக்குகிறது. காயிலுக்குள் மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சி.பி. பாயிண்ட் இருக்கிறது. அது திறந்து திறந்து மூடும். பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் காயிலில் உயர் வோல்ட் கரண்ட் பிறக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துத் தருகிறது. பாயிண்ட் தீய்ந்து போகாமல் கண்டன்சர் காக்கிறது. கண்டன்சர் கெட்டாலும் பொறி பலவீனமாகும்.

காயிலின் கம்பிகளுக்கு மேல் பூச்சு உண்டு. ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொடாமல் அது காக்கும். வயதான காயிலில் இந்தப் பூச்சு தேய்ந்துபோகும். சூடானதும் உள்ளேயே கரண்ட் குறுக்கே பாயும். பொறி வராது. குளிர்ந்ததும் மறுபடி பொறி வரும். அதனால்தான் இந்தக் கோளாறு பட்டறையில் ஒளிந்துகொள்கிறது.

சாலையில் சோதனை

வியாழக்கிழமை பாய் ஒரு பையுடன் வந்தார். பையில் ஒரு நல்ல பிளக், ஒரு காயில், ஒரு கண்டன்சர், சோதனை பல்பு, ஸ்பேனர், பழைய துணி, ஒரு பாட்டில் தண்ணீர் ஆகியவை இருந்தன. தாயை அன்று பக்கத்து வீட்டுக்காரர் முன்னதாகவே தன் வண்டியில் அழைத்துப் போய்விட்டார்.

27-ஆவது நிமிடத்தில் கார் நின்றது.

"நல்லது. இப்பத்தான் வைத்தியம் பார்க்கும் நேரம்" என்றார் பாய்.

காரை ஓரமாகத் தள்ளினார்கள். ஹேண்ட் பிரேக் போட்டார்கள். கியரை நியூட்ரலில் வைத்தார்கள். பாய் பானட்டைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாசனை இல்லை. ஒழுகலும் இல்லை. அதற்குப் பிறகுதான் பொறியைச் சோதித்தார். பெட்ரோல் ஒழுகும் இடத்தில் பொறியைச் சோதித்தால் தீப்பிடிக்கும்.

முதல் சோதனை. பிளக்கிலிருந்து ஒரு ஒயரைக் கழற்றினார். கையில் இருந்த நல்ல பிளக்கை அதில் மாட்டினார். பிளக்கின் உலோகப் பகுதி என்ஜினைத் தொடும்படி வைத்தார். பிளக்கையும் ஒயரையும் வெறும் கையால் தொடவில்லை. உறை போட்ட குறட்டால் பிடித்தார். கணவர் செல்ஃப் போட்டார். நல்ல பொறி நீலமாக, சடசடவென்று விழும். மஞ்சளாக, மெலிந்து விழுந்தால் பலவீனம். அங்கே பொறியே விழவில்லை.

"பெட்ரோல் பக்கம் போக வேண்டாம். கரண்ட் பக்கம்தான் கோளாறு" என்றார் பாய்.

இரண்டாம் சோதனை. காயிலில் இரண்டு சிறிய முனைகள் உண்டு. சாவியைத் திருப்பிவிட்டு, சாவியிலிருந்து கரண்ட் வரும் முனையில் சோதனை பல்பை வைத்தார். பல்பு எரிந்தது. பேட்டரியும் சாவியும் சரி.

மூன்றாம் சோதனை. பாயிண்டுக்குப் போகும் முனையில் பல்பை வைத்தார். கணவர் செல்ஃப் போட்டார். பல்பு மின்னி மின்னி எரிந்தது. பாயிண்ட் திறந்து மூடுகிறது. அதுவும் சரி.

அடுத்த சந்தேகம் கண்டன்சர் மேலும் காயில் மேலும்தான். பாய் இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றவில்லை. "ஒரு நேரத்தில் ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டையும் மாத்தினா எது கெட்டதுன்னு தெரியாது" என்றார்.

நான்காம் சோதனை. பழைய கண்டன்சரை விலக்கிப் புதியதை மாட்டினார். பொறி வரவில்லை. பழையதையே திரும்ப மாட்டினார்.

ஐந்தாம் சோதனை. சாவியை அணைக்கச் சொன்னார். காயிலின் மேல் கை வைக்க முடியவில்லை. அவ்வளவு சூடு. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்தார். காயிலின் உடம்பைச் சுற்றி மட்டும் அதைப் போட்டார். மேல் முனைகளில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டார். 8 நிமிடம் காத்திருந்தார்கள். மறுபடி செல்ஃப் போட்டார்கள். நீலப் பொறி விழுந்தது! வழக்கமாக 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். காயிலைக் குளிர வைத்ததும் 8 நிமிடத்தில் சரியானது.

பாய் பழைய காயிலைக் கழற்றினார். அதே வகைப் புதிய காயிலை மாட்டினார். கார் கிளம்பியது. கோலார் வரை நிற்கவில்லை. திரும்பும்போதும் நிற்கவில்லை.

வேலைக்கு உரிய பணத்தைக் கணவர் நீட்டினார். பாய் வாங்கவில்லை. "இன்னும் மூணு முறை போய்ட்டு வாங்க தம்பி. நிக்காம ஓடினா அப்புறம் குடுங்க" என்றார்.

"காயில் ஏன் கெட்டது பாய்?" என்று மருமகள் கேட்டார்.

"வயசாச்சு. அதோட, என்ஜின் ஓடாதபோது சாவியை அணைக்காம விடுறீங்களா?"

கணவர் தலையைச் சொறிந்தார். "பாட்டு கேட்கச் சாவியைப் போட்டு வைப்பேன் பாய்."

"அப்போ காயிலில் கரண்ட் பாய்ஞ்சிட்டே இருக்கும். காயில் வெந்து போகும். இனிமே அப்படிச் செய்யாதீங்க."

பெட்ரோல் வராமல் நின்றால்

எல்லாக் காரிலும் காயில்தான் கெடும் என்று நினைக்கக் கூடாது. சூடான காரில் பொறி நன்றாக விழுந்தும் என்ஜின் பிடிக்காமல் போகலாம். அப்போது பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட கார் பெரும்பாலும் இழுத்து இழுத்து, இருமி நிற்கும்.

டேங்க் மூடி: பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்கான சிறு துளை அடைபட்டால் பெட்ரோல் வராது. கார் நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், அதன் பிறகு கார் கிளம்பினால், துளையில்தான் அடைப்பு.

பெட்ரோல் ஆவியாதல்: பெட்ரோல் குழாய் சூடான புகைக்குழாய் அருகே போனால், குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகும். பம்பு ஆவியை இழுக்கும். பெட்ரோல் ஏறாது. டிரைவர்கள் இதை 'வேப்பர் லாக்' என்பார்கள். பம்பின் மேலும் குழாயின் மேலும் பிழிந்த ஈரத்துணி போட்டால் கார் கிளம்பும். குழாயைச் சூட்டிலிருந்து விலக்கிக் கட்டுவதே நிலையான வழி.

துரு, தூசி: பழைய டேங்கில் துரு படியும். ஓடும்போது அது வந்து ஃபில்டரை அடைக்கும். நின்றதும் துரு கீழே இறங்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கார் கிளம்பும். இது சூட்டுக் கோளாறு போலவே தோன்றும். ஃபில்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெட்ரோல் அதிகமாதல்: சூடான என்ஜினை அணைத்ததும் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழியும். பிளக் நனையும். பெட்ரோல் வாசனை வரும். அப்போது சோக்கை இழுக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரை அடித்து அடித்து மிதிக்கவும் கூடாது. முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் போட வேண்டும். காற்று போய் உள்ளே காயும். கார் கிளம்பும்.

ரப்பர் குழாய்: இன்று இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய காரின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி வெடிக்கலாம். அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும்.

இன்னும் இரண்டு

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் சூடான கார் கிளம்பவில்லையா? டேப்பெட் இடைவெளியைப் பார்க்க வேண்டும். இடைவெளி மிகக் குறைவாக இருந்தால், சூட்டில் உலோகம் நீண்டு வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் போய்விடும்.

கார்புரேட்டர் இல்லாத கார்களில் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தருகிறது. என்ஜின் சுற்றுவதை ஒரு சென்சார் அதற்குச் சொல்கிறது. அந்தச் சென்சார் சூட்டில் கெட்டாலும் கார் இப்படியே நிற்கும். அந்தக் கார்களில் ஒயரைக் கழற்றிப் பொறி பார்க்கக் கூடாது. பழகிய மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கவனம்

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பானட்டைத் திறந்த இடத்தில் பீடி, சிகரெட் பிடிக்காதீர்கள்.

செல்ஃப் போடும்போது சேலை முந்தானை, துண்டு, கை எதுவும் ஃபேன் அருகே இருக்கக் கூடாது.

செல்ஃபைத் தொடர்ந்து போடாதீர்கள். பேட்டரி இறங்கிவிடும்.

நோட்டின் கடைசிப் பக்கம்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் கார்களைச் செய்தார்கள். 2014-இல் அதுவும் நின்றுபோனது. ஆனாலும் பழைய கார்கள் இன்னும் ஓடுகின்றன. நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கும் வரை அவை ஓடும்.

அந்த வீட்டு நோட்டில் மருமகள் மேலும் மூன்று வரி எழுதினார்.

திங்கள்: நிற்கவில்லை.
வியாழன்: நிற்கவில்லை.
திங்கள்: நிற்கவில்லை. அத்தைக்கு முழு நேரச் சிகிச்சை. பாய்க்குப் பணம் கொடுத்தோம்.

தாய் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"என்னம்மா எழுதியிருக்க?"

மருமகள் படித்துக் காட்டினார். தாய் எழுத்துகளின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"இதுல என் பேர் எங்க இருக்கு? காட்டு" என்றார்.

மருமகள் பென்சிலை எடுத்தார். 'அத்தை' என்ற சொல்லைக் காட்டினார். பிறகு அதற்குக் கீழே அவருடைய பெயரைப் பெரிதாக எழுதினார்.

பயிற்சி

விடை சொல்லுங்கள்:
1. பட்டறையில் கோளாறு ஏன் தெரியவில்லை?
2. பெட்ரோல் என்ஜின் ஓட வேண்டிய மூன்று எவை?
3. மழை நாளில் கார் அதிக நேரம் ஓடியது ஏன்?
4. பாய் ஏன் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றினார்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்:
1. நல்ல தீப்பொறி ______ நிறத்தில் இருக்கும்.
2. என்ஜின் ஓடாதபோது ______ அணைக்க வேண்டும்.
3. சூடான ______ மூடியைத் திறக்கக் கூடாது.

செய்து பாருங்கள்:
உங்கள் வீட்டில் அல்லது தெருவில் அடிக்கடி நிற்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அது பம்பு செட்டாக இருக்கலாம். மிக்ஸியாக இருக்கலாம். ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். எந்த நாள், எவ்வளவு நேரம் ஓடியது, எப்படி நின்றது, எப்போது மறுபடி ஓடியது என்று எழுதுங்கள். பழுது பார்க்க வருபவரிடம் அதைக் காட்டுங்கள்.